வீட்டை வரைவது யார்?

என் பாட்டி தோட்டத்து லயத்தில் வாழ்ந்தவர். தோட்டம் விற்கப்பட்டபின் எங்கள் குடும்பம் மலிவு விலை அடுக்குமாடி ஒன்றின் எட்டாவது மாடிக்குக் குடிபெயர்ந்தது. பாட்டி இறந்த அன்றுதான் அந்தக் கட்டடத்தின் குறை எங்களுக்குப் புரிந்தது. சவப்பெட்டி மின்தூக்கிக்குள் நுழையவில்லை. மாமாக்கள் எட்டு மாடிப் படிகளிலும் தோளில் சுமந்து இறக்கினார்கள். கீழே சடங்கு செய்யவும் இடமில்லை. மோட்டார் சைக்கிள்களை ஒதுக்கி நிறுத்திவிட்டு, அங்கேதான் பாட்டியை வழியனுப்பினோம்.

கட்டடத்தை வரைந்தவர் மீது எனக்குக் கோபம் இல்லை. பெட்டியை எப்படி இறக்குவது என்று அவரிடம் கேட்கக்கூடிய யாரும் அன்று அவர் முன் இல்லை. குடியிருக்கப் போகிறவர்கள் சாவி வாங்கும் நாளில்தான் முதன்முதலாகத் தங்கள் வீட்டைப் பார்க்கிறார்கள். நம் சிக்கலின் வேர் இதுதான்.

இதற்கு வேறு வழி உண்டா? உண்டு. சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் ஐம்பதுக்கும் மேற்பட்ட வீட்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் இணைந்து 2007இல் ஒரு புதிய சங்கத்தைத் தொடங்கின. நகராட்சி குத்தகைக்கு அளித்த நிலத்தில் 2015இல் அவர்களின் குடியிருப்பு நிறைவடைந்தது. வானுயர்ந்த கோபுரங்கள் இல்லை. தனித்தனி வீடுகளும் இல்லை. நடுத்தர உயரமுள்ள 13 கட்டடங்களில் ஏறத்தாழ 1,200 பேர் வாழ்கிறார்கள். திட்டமிடும்போதே கருத்தரங்குகள் நடத்தி மக்களின் எண்ணங்களைக் கேட்டார்கள். பொது அறைகளை எதற்குப் பயன்படுத்துவது என்பதையும் குடியிருப்பாளர்களே முடிவு செய்கிறார்கள்.

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் 20 குடும்பங்கள் வைக்கோல் கட்டுகளைச் சுவருக்குப் பயன்படுத்தி 2013இல் ஒரு குடியிருப்பை அமைத்தன. அங்கே ஒவ்வொருவரும் தம் நிகர வருமானத்தில் 35 விழுக்காட்டைச் செலுத்துகிறார்கள். துணி துவைக்கும் இயந்திரங்களும் பொதுக்கூடமும் எல்லாருக்கும் பொது. பகிர்ந்துகொள்வதால் செலவும் குறைகிறது, இயற்கையின் மீது நாம் ஏற்றும் சுமையும் குறைகிறது.

“அதெல்லாம் வெள்ளைக்காரன் நாட்டுக் கதை” என்று ஒதுக்கிவிடாதீர்கள். தோட்டத் துண்டாடலால் நம்மவர்கள் வீடும் வேலையும் இழந்து நின்ற காலத்தில், 1960ஆம் ஆண்டு, துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பால்மரம் வெட்டிய கைகள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் தோட்டங்களே வாங்கப்பட்டன. தோட்டத்தையே சேர்ந்து வாங்கிய சமுதாயத்துக்கு, ஒரு குடியிருப்பைச் சேர்ந்து வரைவது முடியாத காரியமா?

கூட்டுறவு என்றதும் தயங்குவோரும் உண்டு. அதற்குக் காரணமும் இருக்கிறது. 1986இல் நம் நாட்டில் வைப்புத்தொகை பெற்றுவந்த 24 கூட்டுறவுச் சங்கங்கள் முடக்கப்பட்டு, எத்தனையோ பேரின் சேமிப்பு சிக்கிக்கொண்டது. ஆனால் அது கற்றுத்தரும் பாடம், சேரக்கூடாது என்பதல்ல. சேர்ந்தபின் கணக்கைக் கேட்காமல் உறங்கக்கூடாது என்பதே. விலைக்கு வாங்கிய அடுக்குமாடிகளில் 2013ஆம் ஆண்டின் கூறுபாட்டு நிர்வாகச் சட்டம் உரிமையாளர்களுக்குக் கூட்டம் கூட்டிக் கேள்வி கேட்கும் உரிமையை அளித்துள்ளது. எனினும் அந்த உரிமை கட்டடம் எழுந்தபின் வருவது. அதற்குள் மின்தூக்கியின் அளவை மாற்ற முடியாது.

நிலம்தான் பெரிய தடை என்பதை மறுக்கவில்லை. நிலம் மாநில அரசின் அதிகாரத்திற்கு உட்பட்டது. ஆகவே நம் கோரிக்கை தெளிவாக இருக்க வேண்டும். ஒரு தோட்டம் மேம்பாட்டுக்குச் செல்லும்போது, அங்கிருந்து வெளியேறும் குடும்பங்கள் கூட்டுறவாகப் பதிந்துகொள்ள வாய்ப்பும், குத்தகை நிலமும் வேண்டும். வரைபடம் முடிவாகும் முன் அவர்களுக்கு மேசையில் ஓர் இருக்கை வேண்டும்.

நண்பர்களே, நம்மிடையே கட்டடக்கலை படிப்பவர்கள் இருக்கிறார்கள். சட்டமும் கணக்கியலும் படிப்பவர்கள் இருக்கிறார்கள். பட்டம் பெற்றபின் நம்மில் பலர் வீட்டுக்கடனுக்கு விண்ணப்பிப்போம், அது தவறில்லை. அதற்கு முன் ஒரு விடுமுறையில் நம் பெற்றோர் வாழும் அடுக்குமாடிக்குச் சென்று, “இதை நீங்களே கட்டியிருந்தால் எப்படிக் கட்டியிருப்பீர்கள்?” என்று கேட்டு எழுதி வருவோம். அந்தப் பதில்கள்தாம் முதல் வரைபடம். ஆறடி நீளமுள்ள ஒரு பெட்டி நுழையும் மின்தூக்கி, அதில் கட்டாயம் இருக்கும்.