ராமானுஜனுக்குப் போர்வை போர்த்தச் சொல்லிக்கொடுத்தவர்

மயிலாப்பூரிலோ தி.நகரிலோ எந்தக் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும் இந்தப் பேச்சு காதில் விழும். "பையன் எங்கே இருக்கான்?" "டெக்ஸாஸ்ல எம்.எஸ். பண்றான்." "ஓ! எவ்வளவு செலவாச்சு? முடிச்சா வேலை கிடைச்சுடுமோல்லியோ?" அதோடு சரி. அடுத்து ஜாங்கிரி வந்துவிடும்.

அந்தப் பையன் காலையில் என்ன சாப்பிடுகிறான், ஞாயிற்றுக்கிழமை யாரோடு பேசுகிறான், ஜுரம் வந்தால் கஞ்சி வைத்துக் கொடுக்க யார் இருக்கிறார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. வெளியூர்ப் படிப்பு என்றால் நமக்குப் போன தேதியும் வாங்கின பட்டமும்தான். நடுவில் இருக்கும் ஆயிரத்துச் சொச்சம் நாட்கள் கணக்கிலேயே வருவதில்லை. நான் பி.காம். படிக்கிறவன். ஓபனிங் பேலன்ஸையும் குளோஸிங் பேலன்ஸையும் மட்டும் காட்டி, நடுவில் இருக்கும் பக்கங்களைக் கிழித்துவிட்ட பேரேட்டை எந்த ஆடிட்டரும் ஒப்புக்கொள்ள மாட்டார் :-)

நம்மூரிலிருந்து போன ஒரு மாணவரின் நடுப்பக்கங்களை இங்கே கொஞ்சம் புரட்டிப் பார்க்கலாம். எல்லோருக்கும் தெரிந்தவர்தான். சீனிவாச ராமானுஜன்.

1912ல் அவர் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்துக்குக் கணக்குப் பிரிவில் குமாஸ்தா. (காமர்ஸ்காரர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்.) 1914 மார்ச் 17 அன்று இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். அதற்கு முன் அம்மாவையும் மனைவி ஜானகியையும் கும்பகோணத்துக்கு ரயிலேற்றி அனுப்பிவிட்டார். அவர்கள் போன பிறகுதான் குடுமியை எடுத்துக் கிராப்பு வெட்டிக்கொண்டு, கோட்டும் காலணியும் பழகிக்கொண்டார். அந்தக் கோலத்தை வீட்டார் பார்க்கக் கூடாது என்று நினைத்திருக்கிறார். கணித மேதையின் வரலாற்றில் இது சின்ன விஷயம். வீட்டை விட்டுப் படிக்கப் போகும் ஒரு பையனின் வரலாற்றில் இது சின்ன விஷயமே இல்லை.

கேம்பிரிட்ஜில் முதல் சில வாரங்கள் நெவில் என்ற இளம் கணித அறிஞரின் வீட்டில் தங்கினார். இந்த நெவில்தான் சென்னைக்கு வந்திருந்தபோது அவரை இங்கிலாந்து வரச் சம்மதிக்க வைத்தவர். பிறகு டிரினிட்டி கல்லூரியில் தனி அறை. அங்கேதான் தனிமை ஆரம்பிக்கிறது. ராமானுஜன் சுத்த சைவம். கல்லூரியின் சாப்பாட்டுக் கூடத்தில் அவர் சாப்பிடவில்லை. அறையிலேயே அடுப்பு வைத்துச் சமைத்துக்கொண்டார். வேண்டிய சாமான்கள் சென்னையிலிருந்து கப்பலில் வரும். படிப்புக்கு நடுவே சமையல். சில நாள் ஒரே ஒரு வேளை. அதுவும் நேரங்கெட்ட நேரத்தில். போன வருடமே முதல் உலகப் போர் வந்துவிட்டதால் காய்கறி, பால் எல்லாமே தட்டுப்பாடு.

சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகாததால் சாப்பாடு மட்டும் போகவில்லை. அந்தக் கூடத்தில்தான் மாணவர்கள் ஒருவரோடு ஒருவர் பழகுகிறார்கள், வம்பளக்கிறார்கள், "ஏன்டா முகம் வாடியிருக்கு" என்று கேட்கிறார்கள். கேன்டீன் பக்கம் போகாத மாணவனுக்குக் கல்லூரியில் பாதி கிடையாது என்பது நம் எல்லோருக்கும் தெரியும்தானே?

அப்போது கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்த பி.சி. மகலநோபிஸ், பின்னாளில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவியவர், ஒரு குளிர்நாளில் ராமானுஜனின் அறைக்குப் போகிறார். ராத்திரி குளிர் தாங்கவில்லை, ஓவர்கோட் போட்டுக்கொண்டு சால்வையைச் சுற்றிக்கொண்டு தூங்குகிறேன் என்கிறார் ராமானுஜன். போய்ப் பார்த்தால் கட்டிலில் கம்பளிகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. ஆனால் அந்த ஊர் வழக்கப்படி மெத்தைக்கு அடியில் ஒழுங்காகச் செருகப்பட்டிருக்கின்றன. அவற்றை விலக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது ராமானுஜனுக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. மேலேயே படுத்திருந்திருக்கிறார். மகலநோபிஸ்தான் எப்படி என்று காட்டிக்கொடுத்தார்.

இந்தக் கதையைச் சொல்லி "பாவம், மேதைக்கு உலகம் தெரியலை" என்று சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. உலகின் பெரிய கல்லூரிகளில் ஒன்று அவருக்கு உதவித்தொகை கொடுத்தது, அறை கொடுத்தது, கம்பளிகளும் கொடுத்தது. எப்படிப் போர்த்திக்கொள்வது என்று மட்டும் சொல்லவில்லை. அதைச் சொல்ல இன்னொரு வெளியூர் மாணவன் வர வேண்டியிருந்தது.

இன்னொரு சம்பவம். நண்பர் ஒருவரையும் அவர் மணக்கவிருந்த பெண்ணையும் மற்றொரு பெண்ணையும் சாப்பிடக் கூப்பிட்டார். ரசம் பரிமாறினார். இரண்டு தடவை வாங்கிக்கொண்ட பெண்கள் மூன்றாவது தடவை போதும் என்றார்கள். கொஞ்ச நேரத்தில் ராமானுஜனைக் காணோம்! சில நாள் கழித்து ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து பணம் கேட்டுத் தந்தி வருகிறது. தான் பரிமாறியதை மறுத்துவிட்டார்கள் என்று அவ்வளவு நொந்துபோயிருக்கிறார். ஊரில் நூறு பேர் நடுவில் இருந்தால் இது ஒரு நிமிடக் கோபம். பேச ஆளில்லாத இடத்தில் அதே கோபம் ரயில் ஏற வைக்கிறது.

வீட்டிலிருந்தும் ஆறுதல் இல்லை. ஜானகி எழுதிய கடிதங்களை மாமியார் போய்ச் சேர விடவில்லை. 1917ல் உடம்பு விழுந்தது. மருத்துவ விடுதி மாற்றி மருத்துவ விடுதி. 1918ன் தொடக்கத்தில் லண்டன் பாதாள ரயிலின் முன் விழப் போனார், நல்லவேளையாகப் பிழைத்தார். அதே 1918ல்தான் ராயல் சொசைட்டியின் ஃபெல்லோ ஆனதும், டிரினிட்டியின் ஃபெல்லோ ஆனதும். நம் பாடப்புத்தகங்கள் இரண்டாவதை மட்டும் சொல்கின்றன. இரண்டும் ஒரே மனிதருக்கு ஒரே வருடத்தில் நடந்தவை. 1919ல் ஊர் திரும்பி, 1920 ஏப்ரல் 26 அன்று சேத்துப்பட்டில் இறந்தார். வயது 32.

ராமானுஜன் விதிவிலக்கு என்பீர்கள். சரி, அடுத்தவரைப் பாருங்கள். மயிலாப்பூரில் வளர்ந்து மாநிலக் கல்லூரியில் படித்த எஸ். சந்திரசேகர் 1930ல் 19 வயதில் அதே டிரினிட்டிக்குப் போனார். போகும்போதே அம்மா படுத்த படுக்கை. அந்த அம்மாவேதான் போகச் சொன்னார். 1931ல் அவர் இறந்தபோது மகன் கேம்பிரிட்ஜில் இருந்தார். 1983ல் நோபல் பரிசு வந்தது எல்லோருக்கும் தெரியும். அந்த 1931ம் அதே கணக்கில் எழுத வேண்டிய பற்றுதான்.

வேறு மாதிரியும் செய்யலாம் என்பதற்கு ஓர் உதாரணம். 1872லிருந்து சீன அரசு 120 சிறுவர்களை அமெரிக்காவுக்குப் படிக்க அனுப்பியது. யேல் பல்கலைக்கழகத்தில் 1854ல் பட்டம் வாங்கிய யுங் விங் என்ற சீனரின் முயற்சி அது. அந்தப் பையன்களைத் தனி விடுதியில் அடைக்கவில்லை. கனெக்டிகட், மாசசூசெட்ஸ் பக்கத்துக் குடும்பங்களின் வீடுகளில் இரண்டு மூன்று பேராகத் தங்கவைத்தார்கள். நம் குடுமி மாதிரி அவர்களுக்கு நீண்ட பின்னல். அதோடேயே பேஸ்பால் ஆடினார்கள்! "பையன்கள் அமெரிக்கர்களாக மாறிவிட்டார்கள்" என்று பயந்து 1881ல் அரசு திருப்பியழைத்துக்கொண்டது வேறு கதை. ஆனால் திரும்பியவர்களில் ஒருவரான ஜான் டியன்யூதான் பெய்ஜிங்கிலிருந்து ஜாங்ஜியாகோவுக்கு மலையைக் குடைந்து ரயில் பாதை போட்டார்; 1909ல் முடித்தார். அதே அமெரிக்கா 1882ல் சீனத் தொழிலாளிகள் உள்ளே வரக் கூடாது என்று சட்டமும் போட்டது. ஆக, ஒரு நாடு முழுக்க நல்லது, முழுக்கக் கெட்டது என்றெல்லாம் இல்லை. எந்த வீட்டுக் கதவு திறந்தது என்பதுதான் மாணவனுக்கு முக்கியம்.

சரி, நம் வீட்டுக் கதவுக்கு வருவோம்.

அடையாறு, கிண்டி, திருவான்மியூர் பக்கம் எத்தனை கல்வி நிலையங்கள்! ஐ.ஐ.டி., அண்ணா பல்கலைக்கழகம், கலாக்ஷேத்ரா. ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும், இலங்கையிலிருந்தும், ஆப்கானிஸ்தானிலிருந்தும் இந்நகரத்துக்குப் படிக்க வருகிறார்கள். வடகிழக்கு மாநிலங்களிலிருந்து வருகிறவர்கள் நம் நாட்டுக்காரர்களே. என் வகுப்பில் மணிப்பூர் நண்பன் ஒருவன் இருக்கிறான். ஷேர் ஆட்டோவில் ஏறினால் "சைனாவா?" என்பார்கள். மந்தைவெளியில் வீடு தேடினோம். போர்டிலேயே "சைவம் மட்டும்" என்று போட்டிருந்தது சில இடம். சில இடத்தில் போனில் "வாங்க வாங்க" என்றவர்கள் அவன் முகத்தைப் பார்த்ததும் "இப்பதான் சார் இன்னொருத்தர் அட்வான்ஸ் கொடுத்தாங்க" என்றார்கள். கடைசியில் கிடைத்த அறையிலும் இரண்டு மாதம்தான். அவன் அம்மா ஊரிலிருந்து அனுப்பிய ங்காரி (புளிக்கவைத்த மீன், நம் கருவாட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி) வாசனை மாடிக்கு வந்ததாம். காலி செய்யச் சொல்லிவிட்டார்கள்.

டிரினிட்டியில் ராமானுஜன் தன் அறையிலேயே அடுப்பு மூட்டி ரசம் கொதிக்கவிட முடிந்தது என்பதை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்காரர் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். தன் வீடு, தன் சமையலறைக்குப் பக்கத்துச் சுவர், காலங்காலமான பழக்கம். கீழ் போர்ஷனில் எண்பது வயதுப் பாட்டி இருந்தால் வாசனை நிஜமாகவே கஷ்டம்தான். வெளிநாட்டவரைத் தங்கவைத்தால் 24 மணி நேரத்துக்குள் அரசிடம் தகவல் பதிய வேண்டும். எதற்கு வம்பு என்று பயப்படுகிறார்கள். இதையெல்லாம் வெறும் துவேஷம் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் அந்த வீட்டிலேயே பெரிய பையன் நியூஜெர்சியில் வாடகைக்கு இருக்கிறான். அங்கே தாளிக்கிற வாசனைக்காகப் பக்கத்து வீட்டுக்காரி முகம் சுளித்தால் "ரேசிஸ்ட்" என்கிறோம். ஒரே பரிவர்த்தனைக்கு இரண்டு விதமான என்ட்ரி போட முடியாது சார்.

வெளிநாட்டு மாணவர் இங்கே வந்து கட்டும் கட்டணத்தைப் பொருளாதாரத்தில் சேவை ஏற்றுமதி என்பார்கள். மத்திய அரசு 2018லிருந்து 'ஸ்டடி இன் இந்தியா' என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது. கூப்பிட்டால் மட்டும் போதாது. நான் கேட்பது பெரிய திட்டமெல்லாம் இல்லை. ஒவ்வொரு கல்லூரியும் வெளியூர் மாணவர் ஒருவருக்கு உள்ளூர் மாணவர் ஒருவரை முதல் செமஸ்டர் முழுக்கத் துணையாகப் போடட்டும். அந்தத் தகவலைப் பதிவதில் கல்லூரி அலுவலகமே வீட்டுக்காரருக்குக் கூட நின்று உதவட்டும். விடுதியில் அவரவர் சமைத்துக்கொள்ள ஒரு பொது அடுப்பு இருக்கட்டும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் விடுதி காலியாகும்போது போக்கிடம் இல்லாதவர்களை நாலு வீடு கூப்பிடட்டும். செலவு அநேகமாகப் பூஜ்யம்.

1919 ஜனவரியில், லண்டனில் மருத்துவ விடுதியில் இருந்தபடி ராமானுஜன் சென்னைப் பல்கலைக்கழகப் பதிவாளருக்கு ஒரு கடிதம் எழுதினார். பல்கலைக்கழகம் அவருக்கு ஆண்டுக்கு 250 பவுண்டு அறிவித்திருந்தது. அது தன் தேவைக்கு அதிகம். 50 பவுண்டைப் பெற்றோருக்குக் கொடுத்து, தன் செலவு போக மிச்சத்தை ஏழைப் பையன்களுக்கும் அநாதைகளுக்கும் பள்ளிக் கட்டணம் குறைக்கவும் புத்தகம் வாங்கவும் பயன்படுத்துங்கள் என்று கேட்டிருந்தார். ஐந்து வருடம் குளிரிலும் நோயிலும் கிடந்தவர், முகம் தெரியாத மாணவர்களை நினைத்துக்கொண்டிருக்கிறார்.

அவர் பெயரில் தெருவும் விருதும் அருங்காட்சியகமும் வைத்தாயிற்று. அடுத்த முறை "டு லெட்" போர்டு எழுதும்போது, வாசலில் நிற்கப்போகிற பையனும் யாரோ ஒரு கோமளத்தம்மாளின் பிள்ளை என்று நினைத்துக்கொண்டால் போதும்.