புள்ளலூர் தூண்கள்: இடிக்கவும் வேண்டாம், கும்பிடவும் வேண்டாம்

காஞ்சிபுரம் பற்றி நம்ம ஆட்கள் போட்ட பதிவுகளை எடுத்துப் பாருங்க. கோயில், பட்டு, குடலை இட்லி. முடிஞ்சது. புள்ளலூர்னு அதே காஞ்சிப் பக்கத்துல ஒரு ஊர் இருக்கே, அதைப் பத்தி எப்பவாவது ஒருத்தர் எழுதினா, பின்னூட்டத்துல ரெண்டு கோஷ்டி கிளம்பிடும். "வெள்ளைக்காரன் சமாதியை நாம எதுக்குய்யா காப்பாத்தணும், இடிச்சுத் தள்ளு" என்பது முதல் கோஷ்டி. "ஆஹா, என்ன கம்பீரம்!" என்று கேமராவோடு கிளம்புவது இரண்டாவது. ரெண்டு பேரோடயும் எனக்குச் சண்டை.

முதல்ல, விஷயம் தெரியாதவங்களுக்கு. புள்ளலூரில் ஊசி மாதிரி உயர்ந்து நிற்கும் இரண்டு நினைவுத்தூண்கள் இருக்கின்றன. ஒன்று கேப்டன் ஜேம்ஸ் ஹிஸ்லப்புக்கு, மற்றது லெப்டினன்ட் கர்னல் ஜார்ஜ் பிரவுனுக்கு. இருவரும் கிழக்கிந்தியக் கம்பெனிப் படைத்தளபதி சர் அயர் கூட்டின் கீழ் ஹைதர் அலியோடு சண்டை போட்டு, 1781 ஆகஸ்ட் 27 அன்று செத்தவர்கள். அன்றைக்கு யார் ஜெயிச்சாங்கன்னு தெளிவா சொல்ல முடியாது. கம்பெனி, தான்தான் ஜெயிச்சதா சொல்லிக்கிட்டது.

அதே மண்ணில் அதற்கு முந்தின வருஷம், 1780 செப்டம்பர் 10 அன்று நடந்ததுதான் பெரிய சண்டை. கர்னல் பெய்லியின் கீழ் இருந்த சுமார் 3,800 பேர் கொண்ட படையை ஹைதரும் திப்புவும் சுற்றி வளைத்து நொறுக்கினார்கள். ராக்கெட் பறந்தது, வெடிமருந்து வண்டிகள் வெடித்தன. கிட்டத்திலேயே காஞ்சிபுரத்தில் பெரும்படையோடு இருந்த ஹெக்டர் மன்றோ உதவிக்கு வந்து சேரவில்லை. தோல்விச் செய்தி தெரிந்ததும் கனமான பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் குளத்தில் தள்ளிவிட்டு, செங்கல்பட்டு வழியாக சென்னைக்கு ஓட்டம் பிடித்தார். 2019ல் அத்திவரதர் குளத்திலிருந்து வெளியே வந்தது ஊருக்கே தெரியும். 1780ல் அதே ஊர்க் குளத்துக்குள்ளே பீரங்கி போனது எத்தனை பேருக்குத் தெரியும்?

இப்ப இடிக்கச் சொல்லும் அண்ணன்களுக்கு. கம்பெனி இந்தியாவில் வாங்கிய மிக மோசமான அடிகளில் ஒன்று இங்கேதான் விழுந்தது. வந்து பார்க்கிறவனுக்கு "இங்கேதான்யா" என்று விரல் நீட்டிச் சொல்ல தரையின் மேல் இருப்பது இந்தத் தூண்கள்தான். இடிச்சா வெள்ளைக்காரனுக்கு ஒரு நஷ்டமும் இல்லை, அவன் கதை லண்டன் ஆவணங்களில் பத்திரமா இருக்கு. அழியப்போறது நம்ம தடயம். தவிர, வரலாறு இங்கே 1780ல் ஆரம்பிக்கவும் இல்லை. பல்லவன் மகேந்திரவர்மன் எதிரிகளை வென்ற இடமாகக் காசக்குடிச் செப்பேடு சொல்வதும் இதே புள்ளலூரைத்தான்.

அடுத்தது கேமரா கோஷ்டி. ஹிஸ்லப்பும் பிரவுனும் இங்கே சுற்றுலாவுக்கு வரலை சாமி. நம்ம வரிப்பணத்துக்கும் நிலத்துக்கும் குறி வைத்த ஒரு வியாபாரக் கம்பெனிக்குச் சம்பளத்துக்குச் சண்டை போட்டவர்கள். படம் எடுங்க, தாராளமா. ஆனா 'மாவீரன் துயிலும் இடம்' என்றெல்லாம் தலைப்பு வைக்காதீங்க.

மூன்றாவதா ஒரு கோஷ்டியும் உண்டு, ஹைதர் - திப்பு ரசிகர் மன்றம். கம்பெனியை அடிச்சவங்க என்பதில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் கம்பெனிக்குச் சோறு தண்ணி கிடைக்கக் கூடாதுன்னு ஹைதரின் குதிரைப்படை கொளுத்தியது யார் ஊரை? செங்கல்பட்டுச் சீமையின் கிராமங்களைத்தானே! ஊரை விட்டு ஓடினதும் பட்டினி கிடந்ததும் நம்ம ஜனம்.

என் கோபமே இங்கேதான். பெய்லி ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையில் 1782ல் செத்தார். அவருக்கு 1816ல் அங்கேயே நினைவு மண்டபம் கட்டினார் அவருடைய உறவினர். ஜெயிச்ச திப்பு அதே ஊரில் தரியா தௌலத் மாளிகைச் சுவர் முழுக்கப் போரை ஓவியமாகத் தீட்ட வைத்தார், பல்லக்கில் உட்கார்ந்திருக்கும் பெய்லி உட்பட. தோத்தவனுக்கு மண்டபம், ஜெயிச்சவனுக்கு ஓவியம், புள்ளலூரில் ரெண்டு அதிகாரிகளுக்குத் தூண். சரி, பெய்லியின் படையில் பெரும்பாலானவர்கள் யார்? இந்தியச் சிப்பாய்கள். அவங்க பேரு எந்தத் தூணில் இருக்கு?

'நமக்கு அந்தப் பழக்கமே இல்லையே' என்று தப்பிக்க முடியாது. செங்கம் பக்கத்து எடுத்தனூர் நடுகல்லைப் பாருங்க. அதே மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில் வெட்டியது. செத்த வீரன் கருந்தேவகத்தி ராஜா இல்லை, இன்னொருவரிடம் வேலை பார்த்தவன். அவன் பேரோடு, திருடர்களைக் கடித்துக் காவல் நின்ற நாயின் பேரையும் வெட்டி வெச்சிருக்காங்க. கோவிவன். நாய்க்குக்கூடப் பேரும் கல்லும் கொடுத்த தமிழ்நாட்டில், நூற்றுக்கணக்கில் செத்த சிப்பாய்களுக்கு ஒரு வரி கிடையாதா?

இங்கிலாந்தில் பெயின்ஸ்விக் என்று ஒரு சின்ன ஊர். நம்ம காஞ்சி மாதிரியே துணியால் பிழைத்த ஊர், அங்கே கம்பளித் துணி. அந்த ஊர் சர்ச் தோட்டத்தில் 17, 18ஆம் நூற்றாண்டுத் துணி வியாபாரிகளின் கல்லறைகளைச் சட்டப்படி பாதுகாக்கிறார்கள். ராஜாவும் இல்லை, தளபதியும் இல்லை, ஜவுளிக்காரர்கள்தான். ஊர்க்காரன் பேர் இருக்கும் கல் ஊர்ச் சொத்து என்ற எண்ணம் அவர்களுக்கு இருக்கு. நாம கல் கண்டால் ஒண்ணு கும்பிடுவோம், இல்லாட்டி பெயர்த்து எடுத்துத் துணி துவைப்போம்.

ஆக, நான் கேட்பது இதுதான். தூண்கள் அப்படியே நிற்கட்டும். பக்கத்தில் மூன்றாவதாக ஒரு கல் வேண்டும், தமிழில். மகேந்திரவர்மன் காலத்துப் போர், 1780, 1781, மூன்றையும் அது சொல்ல வேண்டும். இரண்டு பக்கமும் நின்று செத்த பேர் தெரியாத சிப்பாய்களையும், ஊரை இழந்து ஓடிய கிராமத்து ஜனங்களையும் சொல்ல வேண்டும். இதுக்கு மணிமண்டபமும் வேண்டாம், ரிப்பன் வெட்ட மந்திரியும் வேண்டாம். ஒரு கல் போதும்.

இடிக்கணும்னு சொல்றவங்க பின்னூட்டத்தில் வாங்க. ஆனா வர்றதுக்கு முன்னாடி, உங்க ஊர்ல கேட்பாரற்றுக் கிடக்கும் ஒரு கல்லில் என்ன எழுதியிருக்குன்னு படிச்சுட்டு வாங்க. பேசுவோம்.

பி.கு: புள்ளலூர் போறவங்க தூணை வளைச்சு வளைச்சு எடுத்தது போதும். எழுத்து இருக்கும் பலகையை நேராக, கிட்டப் போய் ஒரு படம் எடுத்துப் போடுங்க. நாளைக்கு எழுத்து தேய்ஞ்சு போனாலும் உங்க பதிவாவது மிஞ்சும் :-)