மரக்கன்று நட்டால் மட்டும் போதுமா?

ஜூன் 5 வந்தால் போதும், பள்ளிக்கூட வளாகத்தில் குழி தயாராகிவிடும். சிறப்பு விருந்தினர் ஒரு கை மண் போடுவார், பிள்ளைகள் கைதட்டுவார்கள், போட்டோ எடுத்தாகிவிடும். அடுத்த திங்கட்கிழமை அந்தக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவது யார் என்று கேட்டால்தான் பதில் வராது. அடுத்த வருஷம் அதே குழியில் வேறு கன்று!

இதற்கு நேர்மாறான ஒன்று சென்னையில் நடக்கிறது. 1988-ல் கல்லூரி மாணவர்கள் சிலர் சேர்ந்து, கடல் ஆமைகளைக் காப்பதற்கென்று ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். ஜனவரி முதல் மார்ச், ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் காலம். நள்ளிரவுக்கு மேல் டார்ச்சும் பையுமாக மணலில் பல கிலோமீட்டர் நடப்பது, ஆமையின் தடம் தேடுவது, முட்டைகளைப் பத்திரமாக எடுத்துவந்து பொரிப்பகத்தில் புதைப்பது, ஒன்றரை மாதம் கழித்துக் குஞ்சுகளைக் கடலில் விடுவது. இதுதான் வேலை. பல இரவுகள் ஆமையே வராது. வெறுங்கையோடு திரும்பி, மறுநாள் மறுபடி நடக்க வேண்டும். தொடங்கியவர்களில் ஒருவரான கார்த்திக் சங்கர் இன்று பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சூழலியல் பேராசிரியர்.

எல்லோரும் பேராசிரியர் ஆக வேண்டியதில்லை. அந்த வயதில் பழகியது பின்னாளில் கூடவே வருமா என்பதுதான் கேள்வி. அமெரிக்க ஆய்வாளர் லூயிஸ் சாவ்லா, கென்டக்கியிலும் நார்வேயிலும் சுற்றுச்சூழலுக்காக உழைத்த 56 பேரிடம், 'இந்தப் பாதைக்கு எப்படி வந்தீர்கள்?' என்று கேட்டார். இயற்கையோடு பழகிய நாட்களையும், வீட்டுப் பெரியவர்களையும் பலர் சொன்னார்கள். சேர்ந்திருந்த அமைப்புகளைச் சொன்னவர்களும் உண்டு. ஏற்கெனவே ஆர்வமுள்ள பிள்ளைதானே சூழல் மன்றத்தில் சேரும் என்று வாதாடலாம். நியாயம்தான். ஆனால், ஆர்வம் மட்டும் இருந்து, செய்ய வேலை இல்லாவிட்டால் அது எத்தனை நாளைக்கு நிற்கும்?

கள்ளக்குறிச்சிக்காரர்களுக்கு இதற்காகச் சென்னைக்குப் போக வேண்டாம். மேற்கே கல்வராயன் மலை நிற்கிறது. அங்கே மழை பெய்தால்தான் கச்சிராயப்பாளையம் அருகே கோமுகி அணைக்குத் தண்ணீர். அணையில் தண்ணீர் இருந்தால்தான் கீழே நெல்லும் கரும்பும். மலையில் கடுக்காய் பொறுக்கும், தேன் எடுக்கும் குடும்பத்துப் பிள்ளைக்குக் காடு என்பது அப்பா அம்மாவின் வேலை இடம். அதற்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டாம். சமவெளிப் பிள்ளைக்குத்தான் மலை என்றால் மேகம் அருவி, பெரியார் அருவி, லீவு நாள் குளியல், அதோடு சரி. இந்த இரண்டு பிள்ளைகளும் ஒரே நோட்டில், வாரம் தவறாமல், ஓடையில் தண்ணீர் எவ்வளவு ஓடுகிறது, அணையில் எவ்வளவு நிற்கிறது என்று ஒரு வருஷம் குறித்துவந்தால், எந்த மேடைப் பேச்சும் அதற்கு ஈடாகாது.

அதற்கான ஏற்பாடும் புதிதல்ல. 1969-ல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம் மேல்நிலைப் பள்ளிகளிலும் இருக்கிறது. தேசியப் பசுமைப் படை 2001-லிருந்து. சிக்கல் வருவது வீட்டில்தான். பத்தாம் வகுப்பு தாண்டியதும் 'கேம்ப் எல்லாம் வேண்டாம், மார்க்கைப் பாரு' என்று பெற்றோர் கையெழுத்துப் போட மறுக்கிறார்கள். பிள்ளை சொந்தமாகப் பொறுப்பெடுக்கத் தயாராகும் வயசு அதுதான். பொதுத்தேர்வு பயம் புரிகிறது. ஏழு நாள் முகாமில் மார்க் ஒன்றும் கரைந்துவிடாது.

கையெழுத்துக்கு முன்னால் ஆசிரியரிடம் கேட்க வேண்டியது வேறு: போன வருஷம் முகாம் போட்ட ஊருக்கே இந்த வருஷமும் போகிறார்களா? அங்கே நட்டதில் எத்தனை உயிரோடு இருக்கிறது? பிள்ளைகள் எண்ணிப் பார்த்தார்களா?