பனியாற்றின் அடித்தளமும் நமது கரையோரமும்

வெள்ளவத்தையில் புகையிரதப் பாதையை அலைகளிடமிருந்து காத்து நிற்பவை வரிசையாய்க் குவித்த கருங்கற்களே. அக்கற்களுக்கு அப்பால் சமுத்திர மட்டம் இந்நூற்றாண்டில் எவ்வளவு உயரும் என்பதை நிர்ணயிக்கும் காரணங்களுள் கணிப்பதற்கு மிகக் கடினமானது, அந்தாட்டிக்காவின் பனியாறுகள் தம் அடித்தளத்துப் பாறைமீது நகரும் விதமாகும். அது தூரதேசத்து விஷயமென்று கொழும்புவாசிகளாகிய நாம் ஒதுக்கிவிடுதல் தகாது.

தட்டினால் உடையும் பனிக்கட்டி, நூற்றுக்கணக்கான மீற்றர் கனத்தில் குவிந்து தன் பாரத்தைத் தானே சுமந்து நெடுங்காலம் கிடக்குமாயின், உடையாமல் பாகுபோல் மெல்ல இழைந்து ஓடுகிறது. 1955இல் ஜோன் கிளென் பரிசோதனையால் நிறுவிய விதியின்படி, தகைப்பு இருமடங்கானால் உருத்திரியும் வேகம் ஏறக்குறைய எண்மடங்காகிறது; ஆதலால் தகைப்பு மிகுந்த அடிப்பகுதியிலேயே அந்த விகாரம் பெரிதும் நிகழ்கிறது. அங்கே பாறைமேடு குறுக்கிட்டால், மேட்டின் எதிர்முகத்தில் அழுத்தத்தால் உருகிய நீர் அதைச் சுற்றி வழிந்து மறுபுறத்தில் மீண்டும் உறைகிறது என்று 1957இல் யொஹான்னஸ் வீர்ட்மன் விளக்கினார். சிறு மேடுகளை இவ்விதமும், பெரு மேடுகளைத் தானே வளைந்து உருத்திரிந்தும் பனி கடக்கிறது. பூமியின் உட்சூடும் உராய்வின் உஷ்ணமும் உண்டாக்கும் நீர், தன் அழுத்தத்தால் பனியின் பாரத்தைத் தாங்க, சறுக்கல் விரைவடைகிறது.

ஏறத்தாழ முப்பது கோடி ஆண்டுகளுக்கு முன், இலங்கையும் இந்தியாவும் அந்தாட்டிக்காவும் கோண்டுவானா என்னும் ஒரே கண்டத்தின் அங்கங்களாய் இருந்த காலத்தில், இவ்வாறு நகர்ந்த பனி மகாராஷ்டிரத்தின் இரை என்னுமிடத்துப் பாறையில் கீறிய கோடுகள் இன்றும் சாட்சி பகர்கின்றன.

காலநிலை மாற்றம் பற்றிய அரசுகளுக்கிடையிலான குழு 2021இல் வெளியிட்ட அறிக்கை, வாயு உமிழ்வு மிக அதிகமாயின் 2100இல் கடல்மட்டம் ஏறத்தாழ ஒரு மீற்றர்வரை உயரலாம் என்று கணித்ததோடு, பனித்தட்டுகளின் நடத்தையில் உள்ள நிச்சயமின்மையால் இரண்டு மீற்றரை அணுகும் உயர்வையும் அறவே மறுக்க இயலாது என்று எச்சரித்தது. மேற்கு அந்தாட்டிக்காவின் துவைற்ஸ் பனியாறு அமர்ந்திருக்கும் தரை கடல்மட்டத்துக்குக் கீழே, உட்செல்லச் செல்ல ஆழமாகிச் செல்வதே அவ்வச்சத்துக்குப் பிரதான காரணங்களுள் ஒன்று.

ஆகவே, வெள்ளவத்தையின் கடலோர வீதியில் தொடர்மாடிகளுக்கு அனுமதி வழங்குவோரும், கொட்டாஞ்சேனைக்கு வடக்கே களனி கங்கையின் கழிமுகத்துத் தாழ்நிலங்களுக்குத் திட்டம் வகுப்போரும், நடுத்தரக் கணிப்பை மாத்திரம் நம்பாமல், அந்த உயர்ந்த எல்லையையும் கருத்திற்கொண்டே கரையிலிருந்து விடவேண்டிய இடைவெளியையும் வடிகால்களின் மட்டத்தையும் தீர்மானிக்க வேண்டும். நூறாண்டு நிலைக்கக் கட்டுவோர்க்கு நூறாண்டுக்கான முன்யோசனை அவசியம். அதை இன்றே அவர்களிடம் கோருவது கரையோர மக்களாகிய நமது கடமை.