பங்கும் மணிக்கோபுரமும்

முத்துக்குளித்துறையின் பழைய கோயில்களில் மணிக்கோபுரம் விரிசல் கண்டதும் பங்குமக்கள் நன்கொடைப் புத்தகத்தைக் கையிலெடுக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் எவ்வளவு சேர்ந்தது என்பதைவிட, எப்படிச் சேர்ந்தது, எதற்குச் செலவாகிறது என்பவையே முக்கியம் எனக் கருதுகிறோம்.

தூத்துக்குடி பனிமய மாதா கோயிலின் இன்றைய கட்டடம் 1713இல் எழுந்தது. அப்போது துறைமுகம், 1658இல் அதைக் கைப்பற்றிய டச்சுக்காரர் வசம் இருந்தது. அவர்களோ கத்தோலிக்கத்தை விரும்பாதவர்கள். கோயிலைத் தாங்கியவர்கள் கடலில் மூழ்கி முத்தெடுத்த பரதவரே. பாட்டில் ஒரு பங்கைக் கோயிலுக்குக் கொடுப்பது இக்கரை ஊர்களின் வழக்கம். அப்பங்கில் எவர் பெயரும் பொறிக்கப்படுவதில்லை. ஆகவே கோயில் எல்லாருக்கும் உரியதாயிற்று.

1961இல் நடந்ததே இங்கு கடைசி முத்துக்குளிப்பு. இன்று திருப்பணி என்றால் பெருந்தொகை தருவோரைத் தேடுகிறோம்; அவர்களுக்குப் பளிங்குக் கல்வெட்டும் வைக்கிறோம். பணம் விரைவில் சேர்ந்துவிட்டால் வேலையையும் விரைவில் முடிக்கத் தோன்றுகிறது. சுண்ணாம்புக் காரையைச் செதுக்கியெறிந்து சிமெண்டைப் பூசுகிறார்கள். சிமெண்டு பழைய சுவரின் ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும். உப்பு ஊறிய சுவர் உள்ளுக்குள் நொறுங்கும். சில ஆண்டுகளில் மீண்டும் விரிசல், மீண்டும் வசூல்.

சுண்ணாம்பு மெல்ல இறுகுவது. வீட்டுக்கு வீடு சேரும் சிறுதொகையும் மெல்லத்தான் வரும். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தும். கோபுரம் இரண்டாண்டு தாமதமாக எழட்டும். எவர் பெயரும் இல்லாமல், எல்லார் பங்கிலும் எழட்டும்.