வோல்ட்டைக் கூட்டினால் வேகம் கூடுமா?

பேட்டரி சைக்கிள் வைத்திருப்பவர்கள் நாலு பேர் கூடினால் ஒரு யோசனை வந்தே தீரும். "36 வோல்ட் பேட்டரியைக் கழற்றிவிட்டு 48 வோல்ட் போட்டால் வண்டி பறக்கும்!" இது உண்மையா? பாதி உண்மை. அந்தப் பாதியை நம்பிக் காசைக் கொட்டலாமா என்பதுதான் கேள்வி. திருத்தணி போல மலையடிவாரத்தில் இருக்கும் ஊருக்கு இந்தக் கேள்வி இன்னும் முக்கியம்.

முதலில் உண்மையான பாதி. சக்கரத்துக்குள் இருக்கும் ஹப் மோட்டார் சுற்றும்போது, ஒரு ஜெனரேட்டர் போலத் தானும் மின்னழுத்தத்தை உண்டாக்கும். இது பேட்டரிக்கு எதிராக வேலை செய்யும். வேகம் கூடக் கூட இந்த எதிர் வோல்ட்டும் கூடும். அது பேட்டரியின் வோல்ட்டை நெருங்கியதும் மோட்டாருக்குள் கரண்ட் போவது குறைந்துவிடும், அதற்கு மேல் வேகம் ஏறாது. ஆக, உச்ச வேகத்துக்கு எல்லை போடுவது வோல்ட்தான்.

ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் 6 சுற்று சுற்றும் மோட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 36 வோல்ட்டில் 216 சுற்று. 26 அங்குலச் சக்கரத்தில் அது மணிக்கு ஏறத்தாழ 27 கிலோமீட்டர். 48 வோல்ட்டில் 288 சுற்று, அதாவது சுமார் 36 கிலோமீட்டர். சார்ஜ் இறங்க இறங்க வண்டி சோம்பலாவதற்கும் இதுவே காரணம். 36 வோல்ட் லித்தியம் பேட்டரி முழுச் சார்ஜில் 42 வோல்ட் இருக்கும், தீரும் நேரத்தில் 32 பக்கம் வந்துவிடும்.

இனி மறுபாதி. மேலே சொன்னது சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துச் சும்மா சுற்றவிட்டால் வரும் கணக்கு. ரோட்டில் காற்று குறுக்கே நிற்கிறதே! வேகம் இரண்டு மடங்கானால் காற்றைக் கிழிக்கத் தேவையான சக்தி எட்டு மடங்காகும். ஆளும் வண்டியுமாக 100 கிலோ என்றால், சமதரையில் 25 கி.மீ. வேகத்துக்குச் சுமார் 175 வாட் போதும். 35 கி.மீ. வேகத்துக்கு 400 வாட் வேண்டும். 250 வாட் மோட்டார் அதை எங்கிருந்து தரும்? தந்தாலும் எத்தனை நாள் தாங்கும்?

இதை உள்ளூர்க் கணக்காகவே பார்க்கலாம். திருத்தணியிலிருந்து அரக்கோணம் சுமார் 13 கிலோமீட்டர், போக வர 26. 36 வோல்ட் 10 ஆம்பியர்-மணி பேட்டரியும், 48 வோல்ட் 7.5 ஆம்பியர்-மணி பேட்டரியும் சேமிப்பது ஒரே அளவுதான், 360 வாட்-மணி. மோட்டாரில் ஐந்தில் ஒரு பங்கு வீணாகிறது என்று கொண்டால், பெடல் மிதிக்காமல் 25 கி.மீ. வேகத்தில் 40 கிலோமீட்டர் ஓடலாம். 35 கி.மீ. வேகத்தில் ஓட்டினாலோ 25 கிலோமீட்டரில் தீர்ந்துவிடும். போகும்போது மிச்சமாவது 9 நிமிடம். திரும்பும்போது ஊர் எல்லையில் இறங்கித் தள்ள வேண்டும்! இது லாபமா?

சரி, மலை ஏறுவதற்காவது உதவுமா? முருகன் கோயிலுக்கு 365 படிகள் உண்டு, வண்டிகளுக்குத் தனிப் பாதையும் உண்டு. ஏற்றத்தில் வேண்டியது வேகம் அல்ல, இழுவை. இழுவையைத் தருவது மோட்டார் சுருளில் ஓடும் கரண்ட். அது இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. பேட்டரியை மாற்றியதால் சின்ன மோட்டார் பெரிய மோட்டாராகிவிடாது. ஏற்றத்தில் காலும் சேர்ந்து மிதிப்பதுதான் வழி.

அடுத்தது கண்ட்ரோலர். சில வண்டிகளில் அதுவே 25 கி.மீ. வேகத்தில் மோட்டாரை நிறுத்திவிடும், அங்கே பேட்டரி மாற்றியும் பயனில்லை. 36 வோல்ட் கண்ட்ரோலர்கள் பலவற்றில் இருப்பது 50 வோல்ட் தாங்கும் கெப்பாசிட்டர். 48 வோல்ட் லித்தியம் பேட்டரி முழுச் சார்ஜில் 54.6 வோல்ட் காட்டும். விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. சார்ஜரை மாற்றிப் போட்டுவிட்டால் ஆபத்து இன்னும் பெரிது. 2022 மார்ச்சில் வேலூரில், இரவில் சார்ஜ் போட்டிருந்த மின்சார இருசக்கர வண்டி தீப்பிடித்துத் தந்தையும் மகளும் இறந்ததை மறந்துவிடக் கூடாது. அதன் காரணம் எதுவாகவும் இருக்கட்டும், லித்தியம் பேட்டரி விளையாட்டுப் பொருள் அல்ல.

எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம் சட்டம். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இன்படி, மோட்டார் 250 வாட்டுக்குக் கீழே இருந்து, 25 கி.மீ. வேகத்தில் அதன் உதவி நின்றுவிடும் பெடல் சைக்கிள், மோட்டார் வாகனமாகக் கருதப்படாது. அதனால்தான் லைசென்ஸ், பதிவு, இன்சூரன்ஸ் எதுவும் கேட்பதில்லை. இது மத்திய விதி, எல்லை தாண்டி நகரிக்குப் போனாலும் இதேதான். 35 கி.மீ. வேகத்துக்கு மாற்றிய அன்றே அந்தச் சலுகை போய்விடுகிறது. பதிவில்லாத, இன்சூரன்ஸ் இல்லாத மோட்டார் வாகனத்தை ஓட்டுவதாகிவிடும்.

ஆடிக்கிருத்திகைக்குக் காவடியோடு வரும் கூட்டத்தில் யார் மீதாவது இடித்துவிட்டால்? 25லிருந்து 35க்குப் போனால் மோதலின் வேகசக்தி ஏறத்தாழ இரண்டு மடங்கு, பிரேக் போட்டு நிற்கும் தூரமும் இரண்டு மடங்கு. பிரேக் மட்டும் அதே சைக்கிள் பிரேக்! இழப்பீடு கொடுக்க இன்சூரன்ஸ் கம்பெனி வராது, வீட்டில்தான் கடன் வாங்க வேண்டும்.

இதனால் 48 வோல்ட்டே கெட்டது என்று அர்த்தமில்லை. அதே சக்திக்குக் குறைந்த கரண்ட் போதும் என்பதால் வயரில் சூடு குறையும். தயாரிப்பாளரே 48 வோல்ட்டுக்கு வடிவமைத்து, 25 கி.மீ. வரம்போடு கொடுத்தால் தாராளமாக வாங்கலாம். தவறு வோல்ட்டில் இல்லை, வேகத்துக்காக அதை மாற்றுவதில்தான்.

கையில் கொஞ்சம் காசு இருந்தால் அதே வோல்ட்டில், அதே கம்பெனியின் கூடுதல் ஆம்பியர்-மணி பேட்டரியும் நல்ல பிரேக் கட்டைகளும் வாங்குங்கள். 25 கி.மீ. போதாது என்பவர்கள் லைசென்ஸ் எடுத்து, பதிவு செய்த மின்சார ஸ்கூட்டரே வாங்கிவிடலாம். சைக்கிளை ஸ்கூட்டராக்க நினைத்தால் இரண்டுமே கைக்கு வராது.