இறுக்கமல்ல, நிலைத்தன்மை

பந்தயம் கட்டாமல், தொழுகை தவறாமல் ஆடினால் ஸ்னூக்கரும் நம் பிள்ளைகளுக்கு ஒரு பாடம் சொல்லும். கியூ எனும் கோலை இறுகப் பற்றினால் மணிக்கட்டு திரும்பும். கோல் கோடு விலகும். வெள்ளைப் பந்து எண்ணிய இடத்தில் அடிபடாது. நழுவாத அளவு பிடித்தாலே போதும். ஆனால் ஒவ்வோர் அடியிலும் அதே இடம், அதே அழுத்தம் வேண்டும். ஆட்டத்தை முடிவுசெய்யும் கறுப்புப் பந்தின்போதுதான் கை தன்னையறியாமல் இறுகும்.

நம் இபாதத்தும் இவ்வாறே. ரமளானில் இறுகப் பற்றுகிறோம், ஷவ்வாலில் கைவிடுகிறோம். குறைவாயினும் நிலையாகச் செய்யப்படும் அமலே அல்லாஹ்வுக்கு மிக உவப்பானது என நபி (ஸல்) அவர்கள் போதித்தார்கள். கடமைகளோடு நாள்தோறும் குர்ஆனில் ஒரு பக்கம், இரண்டு ரக்அத் நஃபில். இவற்றையேனும் விடாது பற்றுவோம். கை நோகாத பிடியே நெடுநாள் நிற்கும்.